காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுங்க

திருவள்ளூர் மாவட்டத்துல மலேரியா வேலை பாக்குற சுகாதாரத்துறை அதிகாரிங்களுக்கும் பள்ளிக்கல்வித்துறை அதிகாரிங்களுக்கும் வணக்கம்.

நான் ஊத்துக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம், எங்க ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினரா இருக்கேன். எங்க பக்கம் உங்களுக்கே தெரியும், அந்தாண்ட போனா சத்தியவேடு, ஆந்திரா. இந்தாண்ட செங்கல் சூளைங்க. மழை முடிஞ்சதும் ஒடிசாவுல போலாங்கிர், நுவாபாடா பக்கத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க, சூளை ஓயறவரைக்கும் அவங்க பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்களோடதான் படிக்குது, விளையாடுது, ஒண்ணா உக்காந்து சத்துணவு சாப்பிடுது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: சூளைங்க இருக்குற ஊர் பள்ளிக்கூடங்கள்ல காய்ச்சல் இல்லாத பிள்ளைங்களுக்கும் மலேரியா டெஸ்ட் எடுங்க. மலேரியான்னா வீடு வீடா வந்து "காய்ச்சல் இருக்கா"ன்னு கேட்டு, இருக்குன்னு சொன்னவங்களுக்கு ரத்தம் எடுக்குறாங்க. அந்த வேலைய நான் குறை சொல்லல, வெயில்ல நடந்து நடந்து அதை செய்யுறவங்களைப் பாத்திருக்கேன். ஆனா மலேரியா அதிகமா இருக்குற ஊர்ல பிறந்து வளந்த பிள்ளைக்கு திரும்பத் திரும்ப வந்து வந்து உடம்பு பாதி பழகிடும், கிருமி ரத்தத்துல கொஞ்சமா ஓடிட்டே இருக்கும், காய்ச்சல் அடிக்காது, பிள்ளை ஓடி ஆடிட்டு இருக்கும். நம்ம லிஸ்டுல அது வரவே வராது. ஆனா அந்தப் பிள்ளைய கடிச்ச அனாஃபிலிஸ் கொசு கிருமிய எடுத்துக்கும், பத்து பதினைஞ்சு நாள்ல அது கொசுவுக்குள்ள வளந்துட்டா அடுத்த பிள்ளைக்குப் போகும். மண்ணு வெட்டுன பள்ளத்துல நிக்குற தண்ணி, மூடாத சின்டெக்ஸ் தொட்டி, கொசுவுக்கு எங்க ஊர்ல இடத்துக்கா பஞ்சம்?

அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னும் சொல்ல முடியாது. காய்ச்சல் இல்லாமலே கிருமி ரத்தத்தைக் குறைச்சுட்டு இருக்கும். மதியத்துக்கு மேல டெஸ்க்குல தலைய சாச்சுட்டு, கண்ணோட கீழ் இமைய இழுத்துப் பாத்தா வெளுத்துக் கிடக்குற பிள்ளைங்களை எங்க டீச்சருங்களே காட்டுவாங்க. அது எல்லாமே மலேரியான்னு நான் சொல்லல, சாப்பாடு பத்தாததும் இருக்கும், வயித்துல பூச்சியும் இருக்கும். ஆனா டெஸ்ட் பண்ணாம எது என்னன்னு எப்படி தெரியும்?

சத்தீஸ்கர்ல பஸ்தர் பக்கம் 2020ல ஆரம்பிச்சு காய்ச்சல் இருக்கோ இல்லையோ வீட்டுல உள்ள எல்லாருக்கும் ரேபிட் டெஸ்ட் எடுத்தாங்க, முதல் ரவுண்டுல பாசிட்டிவ் வந்தவங்கள்ல பாதிக்கு மேல அறிகுறியே இல்லாதவங்க. ஒடிசாவுலயும் 2017ல இருந்து எட்டாத மலை ஊருங்கள்ல இப்படி மொத்தமா டெஸ்ட் எடுக்குறாங்க. நம்ம பக்கம் அந்த அளவுக்கு மலேரியா இல்ல, அதனால மாவட்டம் பூரா கேக்கல. சூளைங்க இருக்குற ஊர் பள்ளிக்கூடங்கள்ல மட்டும், சீசன் ஆரம்பத்துல ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை போதும். பூச்சி மாத்திரை குடுக்க எப்படியும் வர்றீங்க, டாக்டர் டீம் வேன்லயும் வருஷா வருஷம் வருது, அந்த நாள்லயே இதையும் சேத்துக்கலாம். விரலை ஸ்பிரிட் வச்சு துடைச்சு ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம் கார்டுல, மேல மருந்துத் தண்ணி, 15ல இருந்து 20 நிமிஷத்துல கோடு வந்துடும். கார்டு சரியா வேலை செய்யுதுன்னு காட்டுற முதல் கோடே வரலைன்னா அந்த கார்டு செல்லாது, வேற கார்டுல திரும்ப எடுக்கணும். கிட்டை வெயில்ல ஜீப்புக்குள்ள போட்டு வைக்காதீங்க, சூட்டுல கெட்டுடும்.

இதுல ஓட்டையும் இருக்கு. ரத்தத்துல கிருமி ரொம்பக் கம்மியா இருந்தா கார்டுக்குத் தெரியாது, நெகட்டிவ்னு வந்துடும். அதான் ரெண்டு தடவை கேக்குறேன், முடிஞ்சா கூடவே மைக்ரோஸ்கோப்ல பாக்க கண்ணாடி ஸ்லைடுலயும் ரத்தம் எடுங்க.

பாசிட்டிவ் வந்த பிறகுதான் பெரிய வேலையே. வைவாக்ஸ்ங்கிற வகை மலேரியான்னா கிருமி கல்லீரல்ல ஒளிஞ்சுட்டு மாசக் கணக்குல கழிச்சு திரும்ப வரும், குளோரோகுயின் மூணு நாள் குடுத்தா மட்டும் போதாது, பிரைமாகுயின் 14 நாள் சாப்பிடணும். அதுவும் ரத்த அணுவைக் காப்பாத்துற ஜி6பிடிங்கிற என்சைம் குறைவா இருக்குற பிள்ளைக்கு அந்த மாத்திரை ரத்தத்தையே உடைச்சுடும், அதைப் பாத்துட்டுதான் குடுக்கணும். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு 14 நாள் மாத்திரைய எந்த அம்மா விடாம குடுப்பா? பள்ளிக்கூடத்துலயே டீச்சர் முன்னாடி முழுங்க வைக்கணும். நடுவுல அந்தக் குடும்பம் எல்லை தாண்டி வேற சூளைக்குப் போயிட்டா மீதி மாத்திரை யார் பொறுப்பு? சத்தியவேடு பக்கத்து ஹெல்த் ஆளுங்களோட ஒரு வாட்ஸ்அப் குரூப்பாவது வைங்க, பிள்ளை கையில ஒரு சீட்டு எழுதிக் குடுங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு சூளைப் பிள்ளைங்களை மட்டும் தனியா வரிசை கட்டி நிக்க வச்சு குத்தாதீங்க. எம்பிள்ளைக்கும் எடுங்க, எல்லா பிள்ளைக்கும் எடுங்க. பேரை பிரேயர்ல வாசிக்காதீங்க. "நோய் கொண்டு வந்தவன்"னு ஒரு பிள்ளை பேர் வாங்கிட்டா மறுநாள் அது பள்ளிக்கூடத்துக்கு வராது. பெத்தவங்ககிட்ட ஒடியாவுல விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்குங்க, அவங்க பாஷை தெரிஞ்ச ஆளை கூட கூட்டிட்டு வாங்க.

2027க்குள்ள உள்ளூர்ல புதுசா ஒரு மலேரியா கேஸும் வரக்கூடாது, 2030க்குள்ள நாட்டுலயே ஒழிக்கணும்னு இலக்கு வச்சிருக்கீங்க. அந்த இலக்கை நானும் நம்புறேன், அதனாலதான் எழுதுறேன். இந்த மழை முடியுறதுக்குள்ள கிட்டும் பிரைமாகுயினும் எங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்து சேரட்டும், எந்த நாள்னு முன்கூட்டியே சொல்லுங்க, பெத்தவங்களைக் கூட்டிட்டு வர்றதும் 14 நாளும் மாத்திரை முழுங்குதான்னு பாக்குறதும் எங்க குழு பெற்றோர் பொறுப்பு.