மண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு போனைப் பாதியில் வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, பள்ளிக்கூட வேன் கீழே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போனில் சொல்லி மாளாது என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வர ஆறு மணி நேரம், அங்கிருந்து கொழும்புக்குப் பறக்க ஒன்றேகால் மணி நேரம். இதைப் போய் வெளிநாடு என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெள்ளவத்தை வீடு பழகிவிட்டது. மாடியில் நின்றால் கடலை ஒட்டி ரயில் போவது தெரியும், அந்தக் கடல் காற்றில் என் சலங்கை மணியெல்லாம் கறுத்துப்போய்விட்டது, புளி போட்டுத் தேய்த்தாலும் நாலே நாளில் பழைய கதை. காபி விஷயம் பேசாதே. இங்கே பால் விடாத பிளேன்டீதான்.

போன வாரம் சென்னையிலிருந்து இரண்டு டீச்சர்கள் வந்திருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பரதப் பயிற்சி கொடுக்க. உள்ளூர் ஆள் ஒருத்தி வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் நான் உள்ளூர் ஆளாகிவிட்டேன் பார்! தமிழ் வகுப்பும் சிங்கள வகுப்பும் இரண்டும் உள்ள பள்ளிக்கூடம் அது. ஏழரைக்கே தொடங்கிவிடுவார்கள், ஒன்றரைக்கு மணி அடித்துவிடும், அந்த நேரத்துக்குள் குத்துவிளக்கேற்றுவது, மாலை, பேச்சு என்று பெரியவர்கள் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் அவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குத்தான் எரிச்சல்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நடனம் என்றால் சாயங்காலம் தனியாக ஃபீஸ் கட்டிப் போகிற கிளாஸ். இங்கே அது பள்ளிப் பாடம். சித்திரம், சங்கீதம், நாடகம் மாதிரி நடனத்தையும் எடுக்கலாம், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான சாதாரண தரப் பரீட்சையில் எழுத்துத் தாளும் உண்டு, ஆடிக் காட்டுகிற செய்முறையும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் பரதம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டி நடனம். அதனால் ஒன்றும் தெரியாத குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நினைப்போடு போன எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே முகம் தொங்கிப்போயிற்று. காலைத் தட்டி ஆடுகிற முதல் பாடமான தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், போட்டார்கள், கை தளரவே இல்லை. ஒரு குட்டி மட்டும் ஓடி வந்து, “ரீச்சர், வடிவா ஆடினனா?” என்று கேட்டாள். இங்கே வடிவு என்றால் அழகு. ஓம், நல்ல வடிவு என்றேன் (ஆமாம் என்பதற்கு இங்கே ‘ஓம்’), என் ‘ஓம்’ கேட்டுப் பின் வரிசையில் ஒரே சிரிப்பு.

அப்புறம்தான் அசல் விஷயம். சிங்களப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முட்டியை வெளியே மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டியை எப்படிச் சொல்வது என்று நாங்கள் மூன்று பேரும் முழித்துக்கொண்டு நிற்கிறோம், மொழிபெயர்க்க வந்த அம்மாவுக்கும் வார்த்தை வரவில்லை, சரி, நானே உட்கார்ந்து காட்டினேன். உடனே ஒரு பெண் “மண்டிய!” என்று கத்தினாள். கண்டி நடனத்திலும் அடிப்படை நிலைக்கு அதுதான் பேராம்! எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள், முட்டி வெளியே பார்க்கிறது, முதுகு நேர், ஆனால் பாதம் மட்டும் அகல விரிந்து நிற்கிறது. குதிகாலைச் சேர்க்கச் சொன்னால் சேர்ப்பார்கள், இரண்டு தட்டுக்குள் மறுபடி விலகிவிடும். சென்னை டீச்சர் ஒருவர் திருத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை, அவர்கள் கால் அவர்கள் வாத்தியார் சொன்ன இடத்தில் நிற்கிறது, அதில் என்ன பிழை?

தாளம் தட்டுகிற தட்டுக்கழியை நான் வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்பதை அம்மாவிடம் சொல்லாதே. மேசையில் ஸ்கேலால் தட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய மேளவாத்தியார் இடுப்பில் கெட்டபெர என்கிற அவர்கள் மேளத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நம் மிருதங்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் எப்படி, அப்படி. “தை யா தை” என்று நான் சொல்லச் சொல்ல கேட்டுக்கொண்டிருந்தவர் நாலாவது தடவை வாசிக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் காலத்தில் நான்தான் மூச்சு வாங்கினேன்.

சாப்பாட்டு வேளையில் கண்டி நடனத்தில் பாடி ஆடுகிற வன்னங்களைப் பற்றி மேளவாத்தியார் சொன்னார். மொத்தம் பதினெட்டு, யானைக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று, இப்படி. கண்டியில் நரேந்திரசிங்க மன்னர் ஆண்ட 1707–1739 காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு பாட்டுக்காரரும் அதில் கைவைத்திருக்கிறார் என்று ஒரு கதை உண்டாம். “உங்களுக்கு முன்னாலேயே ஆள் வந்துபோய்விட்டது” என்று அந்த அம்மா மொழிபெயர்த்தபோது சென்னை டீச்சர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், நான் இங்கேதானே இருக்கிறேன். வாணி விழாவுக்கு, பரதக் கச்சேரியில் முதலில் ஆடுகிற அலாரிப்பு ஒன்று செய்து தரச் சொல்லிப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள் (நம் சரஸ்வதி பூஜையைத்தான் இங்கே அப்படிச் சொல்வது). தாளம் போட்டு ஜதி சொல்கிற நட்டுவாங்கத்தோடு கெட்டபெரவும் வைக்கலாம் என்பது என் யோசனை, வாத்தியாரும் சரி என்றார், வாயால் சொல்கிற ஜதிச் சொற்களை, அதுதான் சொல்லுக்கட்டை, மட்டும் எழுத்தில் கேட்கிறார். பாட்டியின் பழைய நோட்டில் திஸ்ர அலாரிப்பு இருக்கும், பரணில் தேடிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் நான் சிங்கள எழுத்துப் பழகுகிறேன். ‘த’வும் ‘தை’யும் எழுத வந்துவிட்டது, ‘கிட’தான் இன்னும் கோணுகிறது.

உன் தங்கை