தூண்டில் கைப்பிடி கடைய லேத் வாங்குவோர் முதலில் நீளத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்து மாவுங்கிலும் தெலுக் பகாங்கிலும் வார இறுதிகளில் தூண்டில் போடும் நம் இளைஞர்கள் பலர், இப்போது தங்கள் தூண்டில் கோல்களைத் தாங்களே பழுதுபார்க்கவும் புதிதாகக் கட்டவும் முனைந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. நூல் சுற்றுவதற்கும் தூண்டில் நரம்பு செல்லும் வளையங்களைப் பொருத்துவதற்கும் பொறுமையே போதும். ஆனால் கார்க் கைப்பிடியைக் கைக்கு அடக்கமாகக் கடைந்தெடுக்க ஒரு சிறிய லேத், அதாவது கடைசல் இயந்திரம், தேவைப்படுகிறது. பட்டர்வொர்த்தில் கோல் பழுதுபார்க்கும் என்னிடம் எந்த லேத்தை வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் தவறான லேத்தை வாங்கிய பிறகே கேட்கிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது மோட்டாரின் சக்தியை. கார்க் மென்மையான பொருள் என்பதால் அதற்குப் பெரிய மோட்டார் வேண்டியதில்லை. கைப்பிடியாக ஒட்டப்படும் கார்க் வளையங்களின் விட்டம் வழக்கமாக 32 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால், எவ்வளவு சிறிய லேத்தாக இருந்தாலும் அகலம் ஒரு பிரச்சினையே இல்லை. தடை செய்வது நீளம்தான். ஒரு வளையத்தின் கனம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கடல் தூண்டில் கோலின் பின்கைப்பிடி 12 அங்குலம் என்றால், 24 வளையங்களைப் பசையிட்டு ஒரே கம்பியில் கோக்க வேண்டும். அதற்கு மேல் இரு பக்கமும் நட்டும் வாஷரும் இருக்கும். ஒரு முனையைச் சக் என்ற பிடிப்பான் பிடித்துக்கொள்ள வேண்டும், மறுமுனையை டெயில் ஸ்டாக் என்ற நகரும் தாங்கி தாங்க வேண்டும். சக் மட்டுமே லேத்தின் அடிச்சட்டமான படுகையின் நீளத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். ஆகவே இரு முனைகளுக்கும் இடையே 300 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அதில் 300 மில்லிமீட்டர் கைப்பிடியைக் கடைய முடியாது. குறைந்தது 400 மில்லிமீட்டர் இருப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். சக் பொருந்தியிருக்கும் சுழல் தண்டின் நடுவில் துளை ஊடுருவிச் சென்றால் கம்பியின் மீதி நீளத்தை அதற்குள் விட்டுவிடலாம் என்பதால், அத்தகைய லேத்தில் கொஞ்சம் குறைந்த நீளமும் சமாளிக்கும். ஆனால் அந்தத் துளை கம்பியைவிட அகலமாக இருக்கிறதா என்று வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும்.

இணையத்தில் சில நூறு ரிங்கிட்டுக்கு விற்கப்படும் மணி கடையும் லேத்துகள், ஜெபமாலை மணி போன்ற சிறு பொருள்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் நீளம் கைப்பிடிக்குப் போதாது. அதற்கு நேர்மாறாக, இரும்பு கடையும் சிறிய லேத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவோரும் உண்டு. நல்ல இயந்திரம்தான், ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. கார்க்கை நாம் உளியால் அல்ல, உப்புத்தாளால்தான் வடிவமைக்கிறோம். உளி பட்டால் கார்க் பிய்ந்து குழி விழும். உப்புத்தாளிலிருந்து உதிரும் துகள்கள் இரும்பு லேத்தின் துல்லியமான படுகையில் படிந்து அதைத் தேய்த்துவிடும். வேகத்தைக் குறைத்துக் கூட்டக்கூடிய சிறிய மர லேத்தே இதற்கு ஏற்றது. நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 1000 சுற்றுகளில் வேலை நன்றாக நடக்கும். அதைவிட வெகுவாக வேகம் கூட்டினால் உராய்வின் சூட்டில் கார்க் கருகும்.

ஒன்றிரண்டு கைப்பிடி மட்டும் செய்ய நினைப்பவர்கள் லேத்தே வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் டிரில்லை மேசையில் உறுதியாகப் பிணைத்து, எதிரே ஒரு மரக்கட்டையில் பேரிங் பதித்துக் கம்பியின் மறுமுனையைத் தாங்கச் செய்தால் போதும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வளையங்களின் துளை பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், இரும்புக் கடையில் எளிதில் கிடைக்கும் மரையிட்ட கம்பி 6 மில்லிமீட்டர். இந்தச் சிறு இடைவெளியில் வளையங்கள் ஒன்றுக்கொன்று விலகி ஒட்டிக்கொள்ளும். கம்பியில் ஆங்காங்கே மெல்லிய டேப் சுற்றி, அதன் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் கோத்தால் வளையங்கள் நேராக அமரும், பசையும் கம்பியில் ஒட்டாது. நட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலும், டெயில் ஸ்டாக்கை அதிகமாக அழுத்தினாலும் இவ்வளவு மெல்லிய கம்பி வளைந்து, சுழலும்போது உதறும். பசை காய்ந்ததும் கடினமாகும் வகையாக இருந்தால், கார்க் தேயத் தேயப் பசைக்கோடு மட்டும் மேடாக நிற்கும். தண்ணீர் தாங்கும் மரப்பசையே கார்க்கோடு சேர்ந்து சீராகத் தேய்கிறது.

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலோ வேறு இடத்திலோ பழைய லேத்தைப் பார்ப்பவர்கள், டெயில் ஸ்டாக்கை முன்னே தள்ளி இரு கூர்முனைகளும் ஒன்றையொன்று நேராகச் சந்திக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். விலகியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். டெயில் ஸ்டாக்கின் கூர்முனை தானும் சுழலும் வகையாக இருந்தால் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், அது நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதா என்பதை உறுதி செய்ய வேண்டும். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் வாங்கும்போது, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காட்டு விற்பனை வரியும் சேருகிறது. மலிவு என்று நினைத்த விலையில் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கார்க் தூளை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. போர்த்துகலின் கார்க் ஆலைத் தொழிலாளர்களுக்கு, பூஞ்சணம் பிடித்த கார்க் தூளைச் சுவாசித்ததால் சுபரோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்திருப்பது மருத்துவ உலகம் பதிவு செய்த உண்மை. வீட்டில் செய்யும் வேலை சிறியதுதான் என்றாலும், என்95 முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கடைவதே முறை. சுழலும் லேத்தின் அருகே கையுறையும் தொங்கும் துணியும் கூடவே கூடாது.

நம் ஊரில் சிறிய லேத் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாரின் வாட் அளவைப் பெரிய எழுத்தில் போடும் நீங்கள், இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தையும், மிகக் குறைந்த சுழல் வேகத்தையும், சுழல் தண்டின் துளை அளவையும் விலைச்சீட்டிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில் கோல் பழுதுபார்ப்பவர்,
பட்டர்வொர்த், பினாங்கு