‘அட்’ எழுதிய பிள்ளையின் புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள்

வலய வினாத்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

ஐயா / அம்மணி,

தரம் 11 தவணைப் பரீட்சை ஆங்கில வினாத்தாளில் இடைவெளி நிரப்பும் பகுதியைப் பற்றி எழுதுகிறோம். விவரம் நீங்கள் அறிந்ததே. ‘… த பிகினிங் ஒஃப் த மஹா சீசன்’ (பெரும்போகத்தின் தொடக்கத்தில்) என்ற வரிக்கு ‘இன்’ மட்டுமே சரி என்கிறது உங்கள் புள்ளியிடும் திட்டம். ‘அட்’ எழுதியவர்களுக்குப் புள்ளி இல்லை. அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள்.

எதனுடைய தொடக்கம் என்று சொல்லி, அது தொடங்கும் நேரத்தையோ இடத்தையோ குறித்தால் ‘அட்’. அதனால்தான் பின்னால் ‘ஒஃப்’ வருகிறது: அட் த பிகினிங் ஒஃப் த லெசன், ஒஃப் த மன்த், ஒஃப் த புக். எதைப் பற்றிய பேச்சு என்று முன்பே தெரிந்தால் ‘ஒஃப்’ விழுந்துபோகலாம். ‘அட்’ அப்படியே நிற்கும். ‘இன் த பிகினிங்’ என்பதன் வேலை வேறு. முதலில் கொஞ்சக் காலம் ஒரு மாதிரி இருந்து பிறகு மாறியதைச் சொல்வது அது: இன் த பிகினிங் ஷி வோஸ் ஷை, பட் லேட்டர் ஷி மேட் ஃப்ரெண்ட்ஸ். இங்கே ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று மாற்றிப் பாருங்கள், கருத்துக் குலையாது. மஹா சீசன் வரியில் மாற்றினால் வசனமே நிற்காது. வகுப்பில் இந்த ஒரு சோதனை போதும்.

விவிலியத்தின் முதல் வரியைக் காட்டி ‘இன்’னுக்காக வாதிடுவோர் உண்டு. ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்பது 1611 ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘இன் த பிகினிங்’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அங்கே ‘ஒஃப்’ இல்லை. ஒரு போகத்தின், ஒரு தவணையின் தொடக்கமும் அல்ல அது. பேச்சில் ‘இன் த பிகினிங் ஒஃப்’ என்று சிலர் சொல்வது உண்மை. அதற்கும் புள்ளி கொடுப்பதென்றால் கொடுங்கள். ‘அட்’டைப் பிழையாக்க மட்டும் எந்த இலக்கணமும் இடம் தராது.

தமிழில் இரண்டுக்கும் ‘தொடக்கத்தில்’ என்றே வருவதால் பிள்ளைகள் ஏற்கெனவே தடுமாறுகிறார்கள். தேநீர் போடும் முறையை எழுதும்போது ‘ஃபர்ஸ்ட், போயில் த வோட்டர்’ என்பதற்குப் பதில் ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று எழுதுவதும் இதே தடுமாற்றந்தான். அதைத் திருத்திக்கொண்டு வரும் வேளையில் சரியான விடைக்கே சிவப்புக் கோடு விழுகிறது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரைப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ரவுணில் இருப்பவனுக்கு ரியூசன் ஆசிரியர் சொல்லிக் கொடுத்துவிடுவார். வாவிக்கு அந்தப் பக்கம் உங்கள் விடைத்தாளின் போட்டோகொப்பிதான் ரியூசன். அதை மனப்பாடம் செய்து, சாதாரண தரப் பரீட்சையிலும் பிழையையே எழுதுவான். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கி ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கிய மாவட்டம் இது. இன்றும் ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் தவணை ஓட்டும் பாடசாலைகள் இங்கே இருக்கின்றன. சுற்றுநிருபங்கள் தவறாமல் வருகின்றன, ஆசிரியர் வருவதில்லை. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். புள்ளியிடும் திட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே பணிவுடன் கேட்கிறோம்: புள்ளிகள் பதிவேட்டில் ஏறுமுன் திருத்திய திட்டத்தை எல்லா அதிபர்களுக்கும் அனுப்புங்கள், ‘அட்’ எழுதியவர்களுக்குப் புள்ளியைக் கொடுங்கள். அடுத்த தவணை வினாத்தாளை, அச்சுக்குப் போகுமுன், தயாரிப்பில் சேராத இரண்டு ஆசிரியர்களிடம் விடையில்லாமல் கொடுத்து எழுதச் செய்யுங்கள். அவர்கள் விடை உங்கள் திட்டத்தோடு ஒத்துவராத வினாவை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு மாவட்ட ஆங்கில ஆசிரியர்கள் சிலர்