வெட்டுவதை வெளியிடும் முன்பே வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படங்களின் நீளம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மக்களுக்குப் பொறுமை இல்லையாம். நான் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருப்பவன். தீபாவளி, பொங்கல் நெருக்கடி இல்லாத நாட்களில் கடையைச் சாத்திவிட்டு நேரே இரண்டாம் ஆட்டத்துக்குப் போய்விடுவேன். எனக்கு அப்படித் தெரியவில்லை.

2024-ல் மட்டும் இந்தியன் 2, மெய்யழகன், கங்குவா மூன்றும் தியேட்டருக்கு வந்த பிறகு கத்தரி பட்டன. முதலாவதற்கும் கடைசிக்கும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கங்குவாவில் நீளமா பிரச்சினை? காதுதான். ஆளாளுக்குக் கத்த, மேலே இசையும் சேர்ந்து கத்தியது. சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சொல்லும்படி ஆனது. 12 நிமிடத்தை எடுத்துவிட்டால் அது சரியாகிவிடுமா?

மெய்யழகன் விஷயம் வேறு. முதல் ஞாயிற்றுக்கிழமையே தனியாகப் போய்ப் பார்த்தேன். கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். ஜல்லிக்கட்டு வருகிறது, ஈழத்துப் போர் வருகிறது. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வருஷக்கணக்கில் கழித்துச் சந்தித்தால் பேச்சு அப்படித்தானே போகும்? பின்வரிசையில் ஒருவர், “இவங்க இன்னும் தூங்கலையாப்பா” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சொன்னவரும் கடைசி வரை எழுந்து போகவில்லை. (அரவிந்த்சாமி கொஞ்சம் குறைவாக அழுதிருக்கலாம், அது தனி.)

அடுத்த வாரம் மனைவியை அழைத்துப் போனேன். வெளியே வந்ததும் அந்த ஈழப் பேச்சைப் பற்றி ஆரம்பித்தால், “அது எங்க வந்துச்சு? நீங்க பாதியில தூங்கிட்டு கனவு கண்டிருப்பீங்க” என்றார். அப்புறம்தான் தெரிந்தது, 18 நிமிடத்துக்கு மேல் தூக்கிவிட்டார்கள். டிக்கெட் விலை மட்டும் அதேதான். ட்ரையல் பார்த்து வாங்கிப்போன சட்டையை வாடிக்கையாளர் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்போது, பின்னாலேயே கத்தரியோடு ஓடுகிற தையல்காரன் உண்டா?

முதல் காட்சி இடைவேளையில் மைக்கை நீட்டினால் யாராவது ‘லேக்’, அதாவது படம் இழுக்கிறது என்று சொல்லத்தான் செய்வார்கள். அதைக் கேட்டா வெட்டுவது? அமரன் ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம். அன்று அரங்கில் யாரும் செல்போனைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. லப்பர் பந்து படத்தில் விஜயகாந்தின் பழைய பாட்டு ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலித்ததும் எங்கள் பக்கத்து விசிலைக் கேட்டிருக்க வேண்டும். 2006-ல் விருத்தாசலம் தொகுதியிலிருந்து அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டமாயிற்றே எங்களுடையது!

2025 மே மாதம் வந்த டூரிஸ்ட் ஃபேமிலியும் பிடித்தது. ஒரு தெரு முழுக்க இவ்வளவு நல்லவர்களா என்று சந்தேகம் வந்தது, சரி, இருக்கட்டும். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் பேசுவதை முழுசாகக் கேட்க விட்டார்களே.

வெட்டத்தான் வேண்டுமென்றால் வெளியிடும் முன்பே எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் நாலு குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டி வெட்டட்டும். பிறகு வெட்டினால், இத்தனை நிமிடம் குறைத்த படம் இது என்று கவுண்டரில் ஒரு தாள் ஒட்டட்டும். காசு கொடுக்கும் முன் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.