இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிவுக்கு வந்திருக்கிறது. விளையாட்டில் நம் பிள்ளைகள் வலயமட்டம் வரை போய்த் திறமையாக ஆடினார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சிலும் நாட்டார் பாடலிலும் இடம் கிடைத்தது. தவணைப் பரீட்சைப் பெறுபேறுகள் சென்ற முறையைவிடப் பரவாயில்லை, கணிதத்தில் மட்டும் இன்னும் பாடுபட வேண்டும். விபரம் முன்னேற்ற அறிக்கையில் இருக்கிறது. நூலகத்துக்கு அலுமாரிகள் தந்த பழைய மாணவர் சங்கத்துக்கும், டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி.

இந்தத் தவணையில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது புவியியல் கண்காட்சிதான். தரம் 10, 11 பிள்ளைகள் 'எரிமலை ஏரிகள்' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டு ஒரு மண்டபத்தையே நிரப்பிவிட்டார்கள். நடுவில் களிமண்ணால் செய்து வைத்திருந்த தோபா ஏரியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவின் சுமாத்திராவில் இருக்கும் அந்த ஏரி ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் உண்டான பள்ளம். நீளம் சுமார் 100 கிலோமீற்றர், அகலம் சுமார் 30 கிலோமீற்றர். வெடிப்புக்குப் பின் அடியிலிருந்த பாறைக் குழம்பு மறுபடி மேலே தள்ளியதால் ஏரியின் நடுவில் சமோசிர் என்ற பெரிய தீவு எழுந்தது. ஆழம் 500 மீற்றருக்கும் அதிகம். நம் இரணைமடுக் குளம் நிரம்பி நிற்கும்போது அளவுகோல் காட்டுவது 36 அடி. இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்திருந்த பிள்ளையை நான் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினேன். வந்தவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

இன்னொரு பலகையில் 2004 டிசம்பர் 26 சுனாமி இருந்தது. சுமாத்திராவுக்கு அடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றுக்குக் கீழே செருகிக்கொண்டு போகிறது. தோபாவைப் பிறப்பித்ததும், முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போன அலையை எழுப்பிய நிலநடுக்கத்துக்குக் காரணமும் அந்த நகர்வுதான். இந்தப் பிள்ளைகள் எல்லோரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அம்மம்மா, அப்பப்பாமாரிடம் கேட்டு எழுதி வந்திருந்தார்கள். அதை வாசித்துவிட்டுச் சிலர் கண் கலங்கியதைக் கண்டேன்.

வன்னியில் ஏன் எரிமலை இல்லை என்று கேள்வி வந்தது. நம் காலுக்குக் கீழே இருக்கும் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான உருமாறிய பாறை. புவியியலாளர்கள் அதை 'வன்னித் தொகுதி' என்றே அழைக்கிறார்கள். தட்டுகளின் விளிம்பிலிருந்து நாங்கள் வெகு தூரத்தில் இருக்கிறோம். அப்போ கன்னியா வெந்நீர் எப்படிச் சுடுகிறது என்று அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடித்தான் திருகோணமலைக்கு ஒரு நாள் களப்பயணம் போனார்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது. எரிமலைக்கு அங்கே வேலை இல்லை. ஏழு கிணறுகளின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்து, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருப்பதைக் குறித்து வந்தார்கள். பொறுப்பாசிரியருக்கும், கூடப் போன பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

கண்காட்சி முடிந்து சில நாட்களில், ஒரு சனிக்கிழமை, நம் மாணவர்கள் சிலர் சைக்கிளில் ஒரு குளத்துக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் சொன்னது, பாடசாலையால் களப்பயணம் என்று. ரியூசனில் சொன்னது, வீட்டில் விசேஷம் என்று. எங்களுக்கு எதுவும் தெரியாது. கண்காட்சியில் பார்த்ததுபோல 'நம்ம ஊர் இயற்கை அதிசயம்' என்று ஒரு வீடியோ எடுப்பது அவர்களின் திட்டம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளம் வற்றிக் கிடந்தது. நடுவில் தேங்கி நின்ற தண்ணீர்வரை நடந்து போகலாம் என்று நினைத்த ஒரு பிள்ளை இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டார். இழுக்கப் போன நண்பரும் அகப்பட்டுக்கொண்டார். அந்த நேரம் வலை எடுக்க வந்த மீன்பிடிக்காரர்கள் தோணியைச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டு போய், கயிறு கொடுத்து இருவரையும் மீட்டார்கள். இன்று இரண்டு பேரும் நலமாக வகுப்பில் இருக்கிறார்கள். பெயர்களைச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் அந்தப் பிள்ளைகளையோ குடும்பங்களையோ குறை சொல்லித் திரியக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பயம் அவர்களுக்கு ஏற்கனவே போதுமான பாடம் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு பெற்றோர் சிலர் என்னை வந்து சந்தித்தார்கள். இப்படியான கண்காட்சி வைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டியது பாடசாலைதானே என்று வருத்தத்தோடு கேட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கண்காட்சியையோ களப்பயணத்தையோ நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். படத்தில் கண்டதைத் தன் ஊரில் தேடிப் பார்க்க விரும்பும் பிள்ளை நமக்குக் கிடைத்த செல்வம். அந்த விருப்பத்தை அடக்கினால் புத்தகத்தை மனனம் செய்யும் பிள்ளைதான் மிஞ்சும்.

நம் ஊரில் இன்னொரு விடயமும் இருக்கிறது. முந்தைய தலைமுறை குளத்தோடு வளர்ந்தது. எந்த இடத்தில் மண், எந்த இடத்தில் சேறு, துருசு (குளத்து மதகு) திறந்திருக்கும்போது எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், முதலை எந்தக் கரையில் வெயில் காயும் என்பதெல்லாம் அண்ணன்மாரோடும் மாமன்மாரோடும் போய்ப் போய்ப் பழகிய அறிவு. பிறகு இடப்பெயர்வு வந்தது. இன்று பெற்றோராக இருக்கும் உங்களில் பலர் சிறுவயதில் ஊர் ஊராக, முகாம் முகாமாக அலைந்தவர்கள். குளத்தில் நீந்திப் பழகும் வயதில் உங்களுக்குக் குளமே இருக்கவில்லை. அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் அந்த இடைவெளி பிள்ளைகளில் தெரிகிறது. ஆசை இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, தண்ணீரைப் பற்றிய அறிவு இல்லை.

ஆகவே வீட்டில் பிள்ளைகளோடு இருந்து கதையுங்கள். வற்றிய குளம் ஆபத்தில்லாதது என்ற எண்ணத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே ஆளை விழுங்கும் சேறு இருக்கும். மண்ணும் கிரவலும் அகழ்ந்த கிடங்குகள் மழைக்கு நிரம்பினால் ஆழமே தெரியாது. கைவிடப்பட்ட நைலோன் வலை காலில் சுற்றினால் நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் மீள்வது கடினம். அலைகரைக் கற்களில் பாசி வழுக்கும். திறந்திருக்கும் துருசுக்குப் பக்கத்தில் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை பலமாக இருக்கும். மாரி தொடங்கி வான் கதவு (நிரம்பிய குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் கதவு) திறந்தால், கீழே ஆற்றில் நீர் சட்டென்று ஏறும். அந்த நேரத்தில் வான் பார்க்கப் போவது நம்மிடம் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. போனால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள், கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் நிற்க வேண்டாம். நீர் வற்றும் காலத்தில் பழைய வெடிபொருட்கள் வெளியே தெரிவதும் உண்டு. இன்னதென்று தெரியாத இரும்பை யாரும் தொடக் கூடாது, தடியால் தட்டியும் பார்க்கக் கூடாது. இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவிக்க வேண்டும்.

யாராவது தண்ணீரில் அகப்பட்டால் பின்னால் குதிப்பதுதான் பெரும்பாலும் இரண்டாவது உயிரையும் பறிக்கிறது. கயிறு, சாரம், நீளத்தடி, மூடிய வெற்றுக் கான் என்று கிடைப்பதை எறிந்து இழுக்க வேண்டும், சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவது பயன் தராது. மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் கொடுத்துக்கொண்டே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வெள்ள நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அழகான இயற்கை இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளே கண்காட்சியில் எழுதியிருந்தார்கள். நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் வெந்நீர்க் குளங்களையும் கொதிசேற்றையும் பலகை நடைபாதையில் நின்றுதான் பார்க்கலாம். மெல்லிய நிலம் காலுக்குக் கீழே உடைந்துவிடும் என்பதற்காக அந்தப் பாதை. கமரூனின் நியோஸ் ஏரி, 1986 ஓகஸ்ட் 21 இரவு அடியில் தேங்கிய காபனீரொட்சைட்டை வெளியே விட்டபோது சுமார் 1,700 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். பிறகு அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற ஏரிக்குள் குழாய் இறக்கினார்கள். தோபாவிலேயே 2018 யூன் 18 அன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு மோசமான காலநிலையில் மூழ்கி 160க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். படகு கிடந்த ஆழம் 450 மீற்றர், தூக்கி எடுக்கவே முடியவில்லை. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கவில்லை. இதைப் பலகையில் அழகாக எழுதிய கைகளில் ஒன்றுதான் அந்தச் சனிக்கிழமை சேற்றிலிருந்து கயிற்றைப் பிடித்தது. எழுதியது மனதில் இறங்க, கூட ஒரு பெரியவர் வேண்டும்.

இப்போது ஒரு சில சொற்களைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாடசாலை கூட்டிப்போகும் எந்தப் பயணத்துக்கும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி பெற்று, என் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் உள்ள கடிதம் வீட்டுக்கு வரும். அந்தக் கடிதம் இல்லாமல் 'ஸ்கூலால் போகிறோம்' என்று பிள்ளை சொன்னால் அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் வகுப்பாசிரியரைக் கேளுங்கள், இரவானாலும் பரவாயில்லை. வீட்டில் விசேஷம், காய்ச்சல் என்று பிள்ளை எழுதி வரும் தாளில் வாசிக்காமல் கையொப்பம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இனி வேண்டாம். உண்மைக்கு மாறான கடிதம் வந்தால் பெற்றோரை நேரில் அழைப்பேன், வரும்வரை விடமாட்டேன். இன்னொன்றும் என் மனதை மிகவும் வருத்தியது. அந்தக் குளத்து வீடியோ முகநூலில் ஏறியபோது அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் நம் பெற்றோரும் இருந்தார்கள். துருசுக் கட்டின் விளிம்பில் பிள்ளை நிற்கும் படத்துக்கு நாம் கைதட்டினால், நாளை அது இன்னும் ஒரு அடி முன்னால் போய் நிற்கும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எச்சரித்து விட்டுவிடுவதாக எங்கள் எண்ணம் இல்லை. அடுத்த தவணையில் மாரி பலக்கும் முன்னர் ஒவ்வொரு தரத்தையும் முறையாக ஒரு குளத்துக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறோம். துருசும் வானும் எப்படி வேலை செய்கின்றன என்று நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர்கள் காட்டுவார்கள். அன்று நம் பிள்ளைகளை மீட்ட மீன்பிடிக்காரர்களையும் கமக்காரர் அமைப்புப் பெரியவர்களையும் வந்து பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் மறு பேச்சில்லாமல் சரி என்றார்கள். நீந்தத் தெரிந்த பெற்றோர், முதலுதவி பயின்றவர்கள் கூட வந்தால் பெரிய உதவி. வேலை நாளில் வர முடியாதவர்களுக்காகச் சனிக்கிழமையிலும் ஒரு குழுவை வைக்க முயல்கிறோம்.

தோட்டம், வயல், கூலி என்று விடியமுதல் போய்ப் பொழுதுபட்டு வருகிற உங்களுக்குப் பிள்ளையின் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருப்பது முடியாத காரியம் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டில் உழைக்கும் தாய்தகப்பனுக்காகப் பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அம்மம்மாமாரும் இந்தக் கடிதத்தை வாசிப்பீர்கள். உங்களால் முடியாத நேரத்தில் எங்களிடம் சொல்லுங்கள், பின்னேர வகுப்பில் இருத்தி வைக்கிறோம். கண்காட்சிக்குத் தேநீர் ஊற்றித் தந்தவர்கள், களிமண் கொண்டு வந்து இறக்கியவர்கள், அந்தச் சனிக்கிழமை செய்தி கேட்டதும் மோட்டார் சைக்கிளில் குளத்துக்கு ஓடியவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தை நிரப்பி, அவசரத்துக்கு அழைக்கக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் எழுதி, மூன்றாம் தவணையின் முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

நன்றி.

இங்ஙனம்,
அதிபர்