பில் வருவது மார்ச்சில், முடிவு எடுப்பது ஜனவரியில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்தின் சாமர்செட்டிலிருந்து ஒரு வாசகர் தன் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பில்லைப் பற்றி எழுதியிருந்தார். பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சின்னக் கவுன்சில்) என்ற பெயருக்கு எதிரே 50 சதவீத உயர்வு என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போய், இந்த ஊர்க் கவுன்சில்களை எல்லாம் கலைத்துவிட்டால்தான் என்ன என்று கேட்டிருந்தார். நானும் அதே சாமர்செட்டில் ஒரு சின்ன கிராமத்தில்தான் இருக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபப்பட வேண்டிய இடமும் மாதமும் வேறு.

முதலில் அந்தச் சதவீதத்தைப் பார்ப்போம். பில்லில் சாமர்செட் கவுன்சில், போலீஸ், தீயணைப்பு, பாரிஷ் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனதன் உயர்வைச் சதவீதமாகப் போடுவார்கள். வீட்டு மதிப்பை வைத்துப் பிரித்த வரிப் பிரிவுகளில் ஒன்றான டி பேண்ட் வீட்டுக்குப் பாரிஷ் பங்கு ஆண்டுக்கு 40 பவுண்டாக இருந்து 60 ஆனால், அது 50 சதவீதம். கையை விட்டுப் போவது 20 பவுண்ட். சாமர்செட் கவுன்சில் 2025-26இல் ஏற்றியது வெறும் 7.5 சதவீதம்தான். ஆனால் அதே டி பேண்ட் வீட்டுக்கு அது 100 பவுண்டுக்கு மேல். சின்ன எண்ணாகத் தெரிவதால் அதை யாரும் திட்டவில்லை. பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டி ஏற்ற வேண்டுமானால் சாமர்செட் போன்ற பெரிய கவுன்சில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த ஆண்டு மத்திய அரசிடம் தனி அனுமதி வாங்கித்தான் இவ்வளவு ஏற்றினார்கள்.

சரி, பாரிஷ் பங்கு ஏன் திடீரென்று கூடுகிறது? 2023 ஏப்ரல் 1ஆம் தேதி சாமர்செட்டின் கவுண்டி கவுன்சிலையும் நான்கு மாவட்டக் கவுன்சில்களையும் சேர்த்து ஒரே கவுன்சிலாக்கினார்கள். அந்த நவம்பரிலேயே புதிய கவுன்சில் நிதி நெருக்கடி அறிவித்தது. அடுத்த ஆண்டுக் கணக்கில் 100 மில்லியன் பவுண்ட் துண்டு விழும் என்றார்கள். முதியோர் பராமரிப்பும் ஆதரவில்லாத குழந்தைகளின் பராமரிப்பும்தான் பணத்தை விழுங்குகின்றன. அவற்றைச் சட்டப்படி நிறுத்த முடியாது. சட்டம் கட்டாயப்படுத்தாதவை என்று சில உண்டு: பொதுக் கழிப்பறை, புல்வெட்டு, பூப்பாத்தி இப்படி. இவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்களால் தொடர முடியாது என்று டவுன் கவுன்சில்களிடமும் பாரிஷ் கவுன்சில்களிடமும் பேசத் தொடங்கினார்கள். எடுத்துக்கொண்டவர்கள் பிரிசெப்டை, அதாவது பில்லில் வரும் தங்கள் பங்கை, ஏற்றினார்கள். பெரிய கவுன்சிலுக்கு இருக்கும் அந்த உச்சவரம்பு பாரிஷுக்கு இன்று வரை இல்லை. அப்படியானால் செலவு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதை யாரும் ரகசியமாகச் செய்யவில்லை. ஆனால் பில்லைப் பார்த்து இது எதுவும் நமக்குப் புரியாது, அதுதான் எனக்கு எரிச்சல்.

கலைத்துவிடலாம் என்கிறார். கலைத்தால் அந்தக் கழிப்பறையை நடத்தப் போவது யார்?

இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில்கள் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. அதுவரை கிராமத்து விவகாரங்களைத் தேவாலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி என்ற கூட்டம்தான் கவனித்தது; அதிலும் பாதிரியாரும் நிலக்கிழாரும் வைத்ததே சட்டம். அந்த அதிகாரத்தைப் பிரித்து ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடவே பெண்களுக்கு உரிமை இல்லாத அந்தக் காலத்தில், திருமணமான பெண்கள் உட்பட யாரும் பாரிஷ் கவுன்சிலில் உறுப்பினராகலாம் என்றது அந்தச் சட்டம். இன்று பாரிஷ், டவுன் கவுன்சில்கள் என்று சுமார் 10,000 இருக்கின்றன. உறுப்பினர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பென்ஸ் கிடையாது. சம்பளம் வாங்குகிறவர் கிளார்க் ஒருவர்தான், அவரும் அநேகமாகப் பகுதி நேரம்.

அவர்கள் கையில் இருப்பவை விளையாட்டுத் திடல், இடுகாடு, பேருந்து நிழற்குடை, நடைபாதை விளக்கு, நாய்க்கழிவுத் தொட்டி போன்றவை. சாலைப் பள்ளம் அவர்களுடையது இல்லை. வீட்டுக் குப்பை இல்லை. வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் அவர்கள் இல்லை. கருத்து மட்டும் சொல்லலாம், முடிவு பெரிய கவுன்சிலுடையது. ஆனாலும் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பள்ளத்துக்கும் குப்பைக்கும் இவர்களைத்தான் பிடித்து உலுக்குவார்கள். பாவம், நடந்து போய்த் திட்டும் தூரத்தில் இருப்பவர்கள் இவர்கள் மட்டும்தானே.

சின்னக் கவுன்சில் என்பதால் சில வேலைகள் லேசாக நடக்கின்றன. பயன்படாத சிவப்புத் தொலைபேசிப் பெட்டிகளை 1 பவுண்டுக்கு ஊர்களுக்கே கொடுக்கும் திட்டத்தை பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) தொலைபேசி நிறுவனம் 2008இல் தொடங்கியது. எங்கள் சாமர்செட்டின் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் கிராமத்தில் அப்படி வாங்கிய பெட்டியை 2009இல் நூலகமாக்கினார்கள். படித்த புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போகலாம். வேறு பல ஊர்களில் அதே பெட்டிக்குள் இதயம் நின்றால் உயிர்ப்பிக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி இருக்கிறது. டாண்டனில் இருக்கும் பெரிய கவுன்சிலுக்கு எங்கள் ஊர்ப் பெட்டியைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

இவர்களிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூட்ட அறிவிப்பு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்து எழுத்தே தெரியாது. கூட்டக் குறிப்பில் முடிவு இருக்கும், காரணம் இருக்காது. போட்டியே இல்லாமல் உறுப்பினராவது பல ஊர்களில் வழக்கம். நடுவில் ஓர் இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். 14 வேலை நாட்களுக்குள் 10 வாக்காளர்கள் கேட்டால் இடைத்தேர்தல். யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும், அவர் பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். செஷயரின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் ஜூம் கூட்டத்தில் அடித்துக்கொண்ட காணொளியை 2021இல் உலகமே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஆள் வராத அறையில் அதே ஏழெட்டுப் பேர் வருடக்கணக்கில் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன நடக்கும்?

இனி அந்த வாசகருக்கு நான் சொல்ல வந்த விஷயம். பில் அவர் கைக்கு வந்தது மார்ச்சில். பாரிஷ் தன் பிரிசெப்டை முடிவு செய்வது பெரும்பாலும் ஜனவரியில். நவம்பரிலேயே அடுத்த ஆண்டு வரவு செலவு வரைவு கூட்டத்துக்கு வந்துவிடும். எத்தனை வீடுகள் மீது வரியைப் பிரிக்கலாம் என்ற கணக்கைப் பெரிய கவுன்சில் கொடுத்ததும் தொகையை முடிவு செய்து அனுப்பிவிடுவார்கள். மார்ச்சில் திட்டினால் கிளார்க் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். நவம்பரில் போய் அமர்ந்து, கழிப்பறைக்கு இவ்வளவா, இந்தக் கையிருப்பு எதற்கு என்று கேட்டால் எண் மாறும். எங்கள் ஊரில் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே விடுவார்களா என்று தயங்க வேண்டாம். கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே ஊரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். பொதுமக்கள் போய் உட்காரும் உரிமை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அப்போது புதிய எம்பியாக இருந்த மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சும் அதைப் பற்றித்தான். அவருடைய மற்ற காரியங்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்வோம். உட்காரத்தான் உரிமை, பேச இல்லை. ஆனால் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஊர்க்காரர்கள் பேச ஒதுக்குவது பெரும்பாலான கவுன்சில்களின் வழக்கம். இது போக, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் நடக்கும். அது கவுன்சிலின் கூட்டம் இல்லை, வாக்காளர்களின் கூட்டம். அங்கே நாமே பேசலாம், கை தூக்கலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் இடையிலும் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்ட முடியும். அதன் தீர்மானம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அதை மீறிப் போக யாருக்கும் மனசு வராது.

மருத்துவமனை வேலைக்கும் முதியோர் இல்ல வேலைக்கும் இந்தப் பக்கம் வந்த நம்மவர்களில் சிலர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவில் இங்கே வசிப்பவர்கள் இப்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்தால் தேர்தலிலும் நிற்கலாம். டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், அந்த ஊர் வாக்காளர்கள் இரண்டே பேர் கையெழுத்துப் போட்டால் போதும். சாமர்செட்டில் அடுத்த தேர்தல் 2027 மே மாதம்.

அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்குக் கிடைக்கும் சின்ன நிலம்) கேட்டு அலுத்துப்போனவர்களுக்கு ஒரு தகவல். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்டால், ஊருக்கு நிலம் தேவையா என்று பாரிஷ் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுச் சட்டம். முழு மனை என்பது சுமார் 250 சதுர மீட்டர். இரண்டு குடும்பம் பகிர்ந்தாலும் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் போட்டது போக பூசணிக்கும் இடம் இருக்கும். முருங்கை மட்டும் வேண்டாம், முதல் பனியிலேயே போய்விடும்.

கடைசியாக, கணக்கைச் சந்தேகப்படுகிறவர்களுக்கு: ஆண்டுக்கு 30 வேலை நாட்கள், ஜூலையின் முதல் பத்து வேலை நாட்களும் அடங்கும்படி, கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் அந்த ஊர் வாக்காளர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கிளார்க்குக்கு வாரத்தில் சில மணி நேரம்தான் வேலை, அதனால் மறுநாளே பதில் வரவில்லையே என்று அதற்கொரு புகார்க் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சாமர்செட்