தசைத் தளர்வுப் பயிற்சியும் பிரஷர் மாத்திரையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. தேர்வு முடிவுகள் எல்லா வகுப்புகளிலும் மனநிறைவு தருகின்றன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தன. நூலக நேரத்தைப் பிள்ளைகள் ஆர்வமாகப் பயன்படுத்துகிறார்கள். உழைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். பள்ளி மீண்டும் திறக்கும் தேதி பிள்ளைகளின் நாட்குறிப்பேட்டில் இருக்கிறது.

அடுத்து ஒரு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தேர்வுப் பதற்றத்தைக் குறைக்க மேல் வகுப்பு மாணவர்களுக்குத் தசைத் தளர்வுப் பயிற்சி, அதாவது உடம்பின் தசைகளைப் பகுதி பகுதியாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, கற்றுக்கொடுத்து வருகிறோம். பெற்றோர் கூட்டத்திலும் அதைச் செய்து காட்டினோம். உங்களில் பலர் வீட்டிலும் தொடர்கிறீர்கள், தூக்கம் நன்றாக வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது என்று சொல்கிறீர்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் காதில் விழுகிறது. "இதை ஆரம்பித்த பிறகு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சிலர் வகுப்பாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகளும் எங்களிடம் வந்து, வீட்டில் மாத்திரை நிறுத்தப்பட்டதைப் பயத்தோடு சொல்கிறார்கள்.

இந்தப் பயிற்சியை 1920களில் உருவாக்கியவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். மனம் பதறும்போது உடம்பின் தசைகளும் இறுகுகின்றன. தசைகளைத் தளர்த்தப் பழகினால் மனமும் அடங்கும் என்பதே அவர் கண்டது. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. தளர்வு அந்த வேகத்தைக் குறைக்கிறது. பயிற்சி முடிந்ததும் அளந்து பார்த்தால் பலருக்கு எண் இறங்கியிருக்கும். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்து எண் அது. நாள் முழுவதும், தூங்கும்போதும், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தொடர்ந்து செய்பவர்களுக்கும் குறைவது பெரும்பாலும் சில புள்ளிகள்தான். உயர் இரத்த அழுத்தத்துக்கு மன உளைச்சல் மட்டுமே காரணம் இல்லை. வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, சிறுநீரகம் என்று பல காரணங்கள் இருக்கின்றன. தோளையும் தாடையையும் தளர்த்துவதால் அவையெல்லாம் சரியாகிவிடாது.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார்கள் சிலர். இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் போனாலும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தலைவலியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் இதயமும் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறைக்காதீர்கள். சில வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட மோசமாக எகிறும். பள்ளியில் கற்றுக்கொடுத்த பயிற்சியைக் காரணம் காட்டி யாரும் சிகிச்சையைக் கைவிடுவதை நான் ஏற்க மாட்டேன். உங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிள்ளையின் தலையில் விழக்கூடாது. மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியவர்கள் தயவுசெய்து விடுமுறை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். பயிற்சி செய்து அழுத்தம் நிலையாகக் குறைந்திருந்தால், மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்து முடிவு செய்வார்.

அப்புறம், செய்முறையில் இரண்டொரு சந்தேகங்களைப் பலர் கேட்டிருந்தீர்கள். சாய்ந்து உட்கார்ந்தோ படுத்தோ செய்யலாம். கைவிரல்களில் தொடங்கி முழங்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொரு பகுதியாகப் போங்கள். ஐந்து முதல் ஏழு விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு சட்டென்று விட்டுவிட்டு, இருபது விநாடி வரை அந்தத் தளர்வைக் கவனியுங்கள். பலர் இந்த இரண்டாவது பாதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பலனே அதில்தான் இருக்கிறது. இறுக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம், மூச்சை அடக்கி முழுப் பலத்தோடு இறுக்கினால் அந்த நேரத்தில் அழுத்தம் கூடும். பாதிப் பலம் போதும். கெண்டைக்காலையும் பாதத்தையும் இன்னும் மெதுவாக இறுக்குங்கள், அங்கே தசைப்பிடிப்பு வரலாம். அண்மையில் அறுவை சிகிச்சையோ தசைக் காயமோ ஆனவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். முடித்ததும் சட்டென்று எழுந்திருக்க வேண்டாம்.

வீட்டில் அழுத்தம் அளப்பவர்கள் பயிற்சி முடிந்த கையோடு மட்டும் அளக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ புகையோ வேண்டாம். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால், உங்கள் மேல் உள்ள அக்கறையால்தான். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு பயிற்சியைச் செய்ய நேரம் ஒதுக்கும் பெற்றோர் கிடைத்திருப்பது இந்தப் பள்ளியின் பேறு. வேலைக்கு நடுவே கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும், மனம் திறந்து ஆசிரியர்களிடம் பேசியவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் பயிற்சி உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே சந்திக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்